பழைய ஜீப்பின் சக்கர அளவுகள்: வாசகர் கேள்வி

கேள்வி: என்னுடைய பழைய வில்லிஸ் ஜீப்புக்கு அலைன்மென்ட் பார்த்தபோது, கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) 1 டிகிரி என்றும், கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) இருபுறமும் வெவ்வேறாகவும் இருப்பதாக அளவுத்தாள் காட்டியது. ஆனால், டோ (மேலிருந்து பார்க்கையில் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே சரிசெய்ய முடியும் என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரிதான். உங்கள் ஜீப்பின் முன் அச்சு ஒரே இரும்புக் கூடாக இருப்பதால், கேம்பரும் கேஸ்டரும் அதன் வார்ப்பிலேயே அமைந்துவிடுகின்றன. முன் சக்கரங்களை இணைக்கும் தண்டான டை ராடைத் திருகி மாற்றக்கூடியது டோ ஒன்றே. தயாரிப்பாளர் கையேடு கேஸ்டர் 3 டிகிரி, கேம்பர் ஒன்றரை டிகிரி, டோ-இன் (உள்நோக்கிய டோ) ஏறத்தாழ 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் என்கிறது.

சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே கேஸ்டர். அது குறைந்தால், வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்திருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இருபுறமும் ஒரே கோணமுள்ள ஆப்புத் தகடுகளை வைத்து அதை மீட்கலாம். கேம்பர் வேறுபாடுதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது: சக்கர பேரிங், கிங்பின் பேரிங் இவற்றின் தேய்மானத்தை முதலில் பாருங்கள், அவை நன்றாக இருந்தும் வேறுபாடு நீடித்தால் அச்சுக்கூடு வளைந்திருக்கக்கூடும். டோவை அனைத்துக்கும் இறுதியாகவே சரிசெய்யச் சொல்லுங்கள்.