கஜாவுக்காகத் தொடங்கிய குழு

அன்புள்ள சார்,

பேராவூரணி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊருக்கென்று ஒரு வாட்ஸாப் குழு தொடங்கினேன். எந்தத் தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிறது, தார்ப்பாய் எங்கே தருகிறார்கள், யார் வீட்டில் செல்போனுக்கு சார்ஜ் போடலாம், இதற்காகத்தான். இப்போது 300 பேருக்கு மேல் இருக்கிறார்கள். தேர்தல் வந்தாலே சண்டை. என்னோடு பள்ளியில் படித்த நண்பர்கள் இருவர் கட்சிக்காக அதில் மோதிக்கொண்டு இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. ஒருவன் தனிக்குழு தொடங்கிப் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தை மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. “அவன் வந்தா நான் வரமாட்டேன்” என்று இருவருமே சொல்கிறார்கள். அரசியல் பேசக்கூடாது என்று விதி போடலாமா? அட்மின் மட்டும் பதிவிடும்படி குழுவைப் பூட்டிவிடலாமா? வழக்கு ஏதும் வந்தால் நான் மாட்டுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கரூரில் வழக்கறிஞர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் இன்னொருவர் போட்ட பதிவுக்காக அதன் அட்மின் மீதும் வழக்குப் பதிவானது. அட்மினாக இருந்ததைத் தவிர அவருக்கு வேறு பங்கில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. ஆனால் சாதியை இழிவுபடுத்தி ஒரு வரி வந்தாலும் யாரையும் கேட்காமல் அழித்துவிடுங்கள். பொன்னமராவதி உங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரலில் வாக்குப்பதிவு முடிந்த கையோடு, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஆடியோ ஒன்று அங்கே வாட்ஸாப்பில் பரவியது. காவல் நிலையத்தின் முன் கூட்டம், கல்வீச்சு, 144 தடை. பேசியது யார் என்று தெரியும் முன்பே கல் பறந்துவிட்டது.

அரசியல் பேசக்கூடாது என்ற விதி வேண்டாம். எங்கள் ஊர் சலூனில் ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று பலகை தொங்கும். அதன் கீழ் உட்கார்ந்துதான் மொத்த ஊரும் அரசியல் பேசியது. ஒரு பக்கம் நுரை பூசிய முகத்தோடு ஒரு காங்கிரஸ்காரர் திமுககாரரிடம் கத்துவார், நுரை காய்ந்துபோகும். மறுநாள் காலை அதே திமுககாரர் வீட்டு வாசலில் நிற்பார். உழவுக்கு டிராக்டர் அவரிடம்தான் இருந்தது. வாடகை பேசிவிட்டு ஒரு வாய் காபியும் குடித்துவிட்டுத்தான் வருவார். அவர்கள் நம்மைவிடப் பெரிய மனதுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. டிராக்டர் இல்லாவிட்டால் அவர்களும் பேசாமல்தான் இருந்திருப்பார்கள்.

குழுவில் அந்த டிராக்டர் இல்லை. எங்கள் ஊர்க் குழுவில் ஒரு தேர்தல் வாரம் உட்கார்ந்து எண்ணினேன் (வேறு வேலை இருந்தது, அதைத் தள்ளிப்போடத்தான்). 240 பேரில் எழுதியவர்கள் 11 பேர். அதில் ஏழு பேர் ஊரிலேயே இல்லை. சிங்கப்பூர், துபாய், திருப்பூர், நான் சென்னை. மறுநாள் டீக்கடையில் எவர் முகத்தையும் பார்க்க வேண்டாதவர்கள் சண்டை மூட்டுகிறோம். பார்க்க வேண்டியவர்கள் வாயைத் திறக்காமல் படித்துவிட்டு, மனதுக்குள் ஒரு பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். உங்கள் குழுவிலும் எண்ணிப் பாருங்கள்.

நானும் செய்திருக்கிறேன். என் சித்தப்பா மகன் ஒரு தலைவரைப் பற்றிய கட்டுக்கதை ஒன்றைக் குழுவில் போட்டான். இரவு பதினொன்றரை மணி. இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜில் அவன் படிப்பு, அவன் வேலை எல்லாவற்றையும் இழுத்துவிட்டேன். நேரில் என்றால் இரண்டாவது வாக்கியத்தில் அவன் முகம் சுருங்கியிருக்கும், நானும் நிறுத்தியிருப்பேன். எட்டு மாதம் கழித்து ஒரு துக்க வீட்டில் சொன்னான்: “நீ சொன்னதுகூடப் பரவால்லண்ணே. என் மாமனார் அதைக் கேட்டுட்டாரு.” சலூனில் சொன்னது சலூனோடு போயிருக்கும். இது அவன் மாமனார் வீடு வரை போய் வந்திருந்தது.

அவன் போட்டதும் அவன் எழுதியதல்ல, பலமுறை கைமாறியது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி மேலே இருந்தது. 2018 மேயில் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான பெண் ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வதந்திகளும் இப்படிக் கைமாறி வந்தவைதான். நாடு முழுக்க இப்படி உயிர்கள் போன பிறகு, அந்த ஆண்டு ஜூலையில்தான் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸாப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு 2020 ஏப்ரலில் அது ஒன்றாகக் குறைந்தது. மீதியை அட்மின்தான் செய்ய வேண்டும். ஒரே ஒரு விதி போடுங்கள்: ஃபார்வர்டு கூடாது. எந்தக் கட்சியைத் திட்டினாலும் சொந்த வாயால், சொந்த எழுத்துப் பிழைகளோடு திட்டட்டும். முதல் வாரம் குழு செத்ததுபோல் கிடக்கும், பயப்படாதீர்கள். பிறகு யாராவது ஏரி ஏன் தூர்வாரவில்லை, நூறு நாள் வேலைச் சம்பளம் ஏன் வரவில்லை என்று கேட்பார். அதுவும் அரசியல்தான், அதற்கு நன்றாகச் சண்டை போடட்டும். பூட்டினால் இந்தக் கேள்வியும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். பூட்டாத குழு உங்கள் நண்பர் கையில் தயாராக வேறு இருக்கிறது.

காதுகுத்துப் பத்திரிகையை மட்டும் குழுவில் போட்டுவிடாதீர்கள். இரண்டு வீட்டுக்கும் வெற்றிலை பாக்கோடு நேரில் போங்கள், குழந்தையையும் கூட்டிக்கொண்டு. “அவனும் வருவானா?” என்று கேட்டால், “கூப்பிட்டிருக்கேன்” என்று மட்டும் சொல்லுங்கள். கஜா சமயத்தில் உங்கள் போனுக்கு யார் வீட்டில் சார்ஜ் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த இரண்டில் ஒரு வீடாக இருந்தால், முதலில் அங்கே போங்கள்.