பாட வாய் வராத ஞாயிறுகள்

கேள்வி: அம்மா, புத்தாண்டு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்கென்று வேத வசனம் அச்சடித்துக் கொடுப்பது, எரேமியா 29:11. ஆசையாகப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஆகஸ்டில் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். வயது 49. பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒரு சகோதரி, "இன்னும் ஊக்கமா ஜெபிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வேதத்தைத் திறக்க முடியவில்லை. கோவிலில் பாட்டு ஆரம்பித்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. ராத்திரி தூக்கமும் இல்லை. என் விசுவாசம் போய்விட்டதா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: மகளே, அந்தச் சகோதரி சொன்னதை முதலில் மனதிலிருந்து இறக்கிப் போடு. உன் ஜெபம் குறைந்ததால் உன் கணவர் சாகவில்லை. ஐயரம்மாவாக, போதகரின் மனைவியாக, எத்தனையோ துக்க வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் தேய ஜெபித்தவர்கள் வீட்டிலும் சாவு விழுந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்து டோனாவூரையே எடுத்துக்கொள். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்காவது நா எழும்புமா?

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உன் காயம் அங்கேதான் இருக்கிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனத்தை மட்டும் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதத்தில் வருகிற வரி. வீட்டையும் தேவாலயத்தையும் விட்டு, அந்நிய ஊரில் கிடந்த ஜனங்கள் அவர்கள். சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று பொய்யாகத் தீர்க்கதரிசனம் சொன்னவர்களும் அவர்கள் நடுவில் இருந்தார்கள். எரேமியா அப்படிச் சொல்லவில்லை. இதற்கு முந்தின வசனத்தையும் வாசித்துப் பார். எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார் எரேமியா. இந்த வருஷம் உன் வீட்டில் ஒரு கெடுதலும் வராது என்று அந்த வசனம் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாம் பறிபோன இடத்திலும் தேவன் உங்களை மறக்கவில்லை என்றுதான் சொன்னது. அட்டையைக் கிழிக்கத் தோன்றினால் கழற்றி உள்ளே வைத்துவிடு. தேவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், பாட்டு. வாய் வராவிட்டால் பாடாதே. உன்னைச் சுற்றி நிற்கிறவர்கள் பாடட்டும், நீ உட்கார்ந்து கேட்டால் போதும். வேதத்தின் சங்கீத புஸ்தகத்தில் இருக்கும் 150 பாட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான் என்று நம் சபைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு அதில் தீராத மனவருத்தம் உண்டு. துதி ஆராதனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம், அழுகைக்கு ஐந்து நிமிஷம் கிடையாது. 88-ஆம் சங்கீதத்தை வாசி. மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். அப்படியிருந்தும் அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை. சிலுவையில் நம் ஆண்டவர் வாயில் வந்ததும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22-ஆம் சங்கீதத்தின் வரிதானே? நீ அவரிடம் கோபமாகக் கேட்டாலும் அது ஜெபம்தான். விசுவாசம் போயிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டாய்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் பெரிய கவலை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார், மறுபடியும் சாப்பிட்டார். தேவன் அவரிடம் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தூக்கமின்மை இப்படியே நீடித்தால் இந்த வாரமே டாக்டரைப் பார். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் தயங்காமல் போ. அது அவிசுவாசம் இல்லை.

என் தம்பி இறந்த வருஷம் அம்மா அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. தெருவில் இருந்த ஓர் அக்கா சாயங்காலம் அரிவாள்மணையோடு வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மீன் கழுவி, குழம்பு வைத்துவிட்டுப் போவார். ஒரு வசனம் சொன்னதில்லை. அம்மா மறுபடி ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பியது அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான். உனக்கும் அப்படி ஒருத்தி பக்கத்தில் இருப்பாள். அவள் கேட்கும்போது "பரவாயில்லை, நான் பார்த்துக்கிறேன்" என்று திருப்பி அனுப்பிவிடாதே.

கேள்வி: என் நண்பனின் ஆறு வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள். அவனுக்கு வாட்ஸ்அப்பில் என்ன வசனம் அனுப்பலாம் அம்மா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: சரி தம்பி, வசனம் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவர் பக்கத்தில் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்து காரணம் சொல்லப் போனபிறகுதான் கடைசியில் தேவனிடமே கண்டனம் வாங்கினார்கள். நீ நேரில் போ. இந்தச் சிகிச்சையில் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) அடிக்கடி தேவைப்படும், எந்தப் பிரிவு இரத்தம் என்று கேட்டு, கொடுக்கக்கூடிய வாலிபர்களைச் சபையில் திரட்டி வை. வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் ஸ்கூலுக்குக் கொண்டு விடுவதை நீ எடுத்துக்கொள். ராத்திரி அவன் மனைவி கொஞ்சம் தூங்க வேண்டும். அந்த நேரத்துக்கு உன் மனைவியைக் குழந்தையின் பக்கத்தில் இருக்கச் சொல்.