உலகின் முதல் தொடுதிரை ஸ்மார்ட்போன் ஐபோன்தானா?

இல்லை. யாரோ உங்களிடம் அப்படி அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐபோன் அறிவிக்கப்பட்டது 2007 ஜனவரியில். ஐபிஎம் உருவாக்கிய சைமன் என்ற தொடுதிரைக் கைபேசியோ 1994 ஆகஸ்டிலேயே அமெரிக்காவில் பெல்சவுத் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்துவிட்டது. அதன் மாதிரியை 1992 நவம்பரிலேயே லாஸ் வேகஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் காட்டியிருந்தார்கள்.

கைக்கணினிகளுக்கு மென்பொருள் எழுதியவன் என்பதால், இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. ஒருமுறை அலுவலகப் பயிற்சி வகுப்பில் இளம் பொறியாளர் ஒருவர், 2007க்கு முன்பு தொடுதிரைக் கைபேசியே கிடையாது என்றார். 2002இல் வெளியான சோனி எரிக்சன் பி800 ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மறுநாள் அதைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன். அவர் இன்றைய பழக்கத்தில் விரலால் மெல்ல வருடினார், திரை அசையவில்லை. எழுதுகோலால் அழுத்திக் காட்டியதும் பட்டியல் திறந்தது. "ஏன் சார், வருடினால் கேட்க மாட்டேன் என்கிறது?" என்றார். அந்தத் திரையில் மின்சாரம் கடத்தும் இரண்டு படலங்கள் இருப்பதையும், அழுத்தத்தால் அவை ஒன்றையொன்று தொட்டால்தான் தொட்ட இடம் தெரியும் என்பதையும், இன்றைய கண்ணாடித் திரையோ விரல் நெருங்கும்போது மின்தேக்கத்தில் ஏற்படும் மாற்றத்தையே உணர்ந்துகொள்கிறது என்பதையும் விளக்கினேன். வகுப்பில் ஒவ்வொருவராக அதை வாங்கி அழுத்திப் பார்த்தார்கள்.

ஐபோனைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மின்தேக்கத் திரையுடன் எல்ஜி பிராடா 2006 டிசம்பரிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது என்றாலும், பல விரல்களின் தொடுகையை மையமாக வைத்து ஒரு கைபேசியின் முழு இயக்கத்தையும் அமைத்து மக்களிடம் கொண்டுசேர்த்த பெருமை ஐபோனுக்கே உரியது.

என் வருத்தம், சைமனைத் தோற்றுப்போன பொருள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்களே என்பதுதான். ஏறத்தாழ 50,000 விற்றன. எடை அரைக் கிலோ. பேசினால் மின்கலம் ஒரு மணி நேரம்தான் தாங்கும். ஒப்பந்தத்துடன் வாங்கினாலும் விலை 899 டாலர். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் மின்னஞ்சல், தொலைநகல், நாட்காட்டி, முகவரிப் புத்தகம், அடுத்த எழுத்தை ஊகித்துத் தரும் திரை விசைப்பலகை ஆகிய அனைத்தையும், கைபேசிகளுக்கான இணையமே இல்லாத காலத்தில், ஒரே கருவிக்குள் கொண்டுவந்தது பிராங்க் கனோவா என்ற பொறியாளரின் குழு. அவர் பெயரை அந்த வகுப்பில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை.