ஸ்பெக்ட்ரம் 48கே (பழைய வீட்டுக் கணினி): சொந்த எழுத்துருவை ஏற்றியதும் இடைவெளி எல்லாம் @ ஆக வருகிறதா?

நினைவக முகவரி 23607-இல் 250 அல்ல, 249 போடுங்கள் (போக், POKE கட்டளை), 23606-இல் 0. எழுத்துரு 64000-இல் இருந்தாலும், அந்த இரண்டு பைட்டும் அதற்கு 256 முன்னால் உள்ள முகவரியை, அதாவது 63744-ஐத்தான் கேட்கும். முதல் 32 எழுத்துக் குறியீடுகளுக்கு வடிவம் கிடையாது; ஒன்றுக்கு 8 பைட் வீதம் அந்த 256. அதைக் கழிக்காததால்தான் உங்களுக்கு இடைவெளிக்கு @, பெரிய எழுத்துக்குச் சின்ன எழுத்து, சின்ன எழுத்துக்கு வெறும் குப்பை.

அப்படியும் சரிவராவிட்டால் 64000 முதல் 64007 வரை என்ன மதிப்பு இருக்கிறது என்று பீக் (PEEK) செய்து பாருங்கள். அதுதான் இடைவெளியின் வடிவம்; எட்டு பைட்டும் 0 ஆக இருக்கவேண்டும். இல்லையென்றால் எழுத்துருக் கோப்பு பெரும்பாலும் கொமடோர் 64 என்ற வேறொரு கணினியின் வரிசையில், @-இலிருந்து தொடங்குகிறது; அந்த வரிசையை மாற்றாமல் எந்த போக் (POKE) கட்டளையும் உதவாது.

எழுத்துருவை ஏற்றுமுன், 64000 முதலான இடத்தை பேசிக் தொடாமல் ஒதுக்க, கிளியர் (CLEAR) 63999 கட்டாயம். திரை குழம்பிவிட்டால் பார்க்காமலே போக் 23607,60 அடியுங்கள், ரோமில் (கணினியின் நிலையான நினைவகத்தில்) உள்ள பழைய எழுத்து திரும்பிவிடும்.