கேள்வியும் நானே, பதிலும் நானே

அன்புள்ள ஐயா,

இரவு விவாத நிகழ்ச்சிகளைத் தவறாமல் பார்ப்பவன் நான். எங்கள் கட்சிக்காரர் வாயைத் திறந்தாலே நெறியாளர் குறுக்கே பாய்கிறார். எதிர்த்தரப்பு ஆள் கதை அளந்தால் பொறுமையாகக் கேட்கிறார். போதாததற்கு ‘மூத்த பத்திரிகையாளர்’, ‘அரசியல் விமர்சகர்’ என்று இன்னும் இரண்டு பேர்; அவர்களும் அந்தப் பக்கம்தான். தமிழ்நாட்டில் நடுநிலையான ஊடகம் ஒன்றுகூட இல்லையா? நீங்கள் ஏன் இதைப் பற்றி எழுதுவதில்லை?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

எந்தக் கட்சி என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாக் கட்சிக்காரர்களும் இதே கடிதத்தைத்தான் எனக்கு எழுதுகிறார்கள்.

நம் ஊரில் கட்சி ஊடகம் புதிதல்ல. முரசொலியையும் நமது எம்.ஜி.ஆரையும் யாரும் நடுநிலை என்று நம்பி வாங்கியதில்லை. 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டது நினைவிருக்கிறதா? அவரைப் போலீஸார் இழுத்துச் சென்ற காட்சியைச் சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டது. ஜெயா டிவி காட்டிய படத்திலோ திமுகவினர் போலீஸாரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நடந்தது ஒரே இரவுதான். இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்தவருக்கு ஓரளவு விஷயம் புரிந்தது. எது யாருடைய சேனல் என்று தெரிந்ததால் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்ள முடிந்தது. எனக்கு இதில் பெரிய மனக்குறை இல்லை.

மனக்குறை வேறு இடத்தில். 2007 மே மாதம் தினகரன் ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கேள்வி. ஸ்டாலினுக்கு 70 சதவீதம், அழகிரிக்கு 2. மதுரையில் தினகரன் அலுவலகம் எரிந்தது, மூன்று ஊழியர்கள் செத்துப்போனார்கள். தினகரனையும் சன் டிவியையும் நடத்தும் உறவுக்காரர்களான மாறன் குடும்பத்துக்கும் கருணாநிதிக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது, கொஞ்ச நாளில் அரசு கேபிள் நிறுவனமும் வந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் குடும்பம் சமாதானமானதும் அரசு கேபிள் தூங்கிவிட்டது. 2011இல் ஜெயலலிதா வந்து அதைத் தட்டி எழுப்பினார். ஒரு குடும்பச் சண்டையில் பிறந்த நிறுவனம், ஆட்சி யாருடையதோ அவர்கள் கைச்சாவியாகிவிட்டது. 2018இல் புதிய தலைமுறை கோவையில் நடத்திய ஒரு வட்டமேசை விவாதத்துக்காக அந்தச் சேனல் மீதே போலீஸ் வழக்குப் போட்டது. அரசு கேபிளில் அதன் எண்ணைப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்றும் அப்போது புகார் எழுந்தது.

இப்போது உங்கள் நெறியாளரிடம் வருவோம். அவர் குறுக்கே பாய்வதும் பாயாமல் இருப்பதும் அவருடைய சொந்தக் கொள்கை மட்டும் அல்ல. சேனல் எண், அரசு விளம்பரம், முதலாளியின் மற்ற தொழில்கள் எல்லாம் அவர் காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாகவும் பேசும். (அதற்காக அவரை மன்னித்துவிடச் சொல்லவில்லை. சில பேர் கேட்காமலேயே பாய்கிறார்கள்.)

நீங்கள் கவனிக்காத இன்னொன்று உண்டு. விவாதம் முழுக்கத் தலைவரைப் பற்றியது, தலைவர் மட்டும் அங்கே இருக்க மாட்டார். பிரதமர் மோடி 2019 மே மாதம் டெல்லியில் அப்போதைய பாஜக தலைவர் அமித் ஷாவோடு பத்திரிகையாளர் முன் உட்கார்ந்தார். கேள்வி வந்தபோது, கட்சித் தலைவர் இருக்கிறார் என்று அவர் பக்கம் காட்டிவிட்டார். ஜெயலலிதா 2004இல் பிபிசிக்குப் பேட்டி கொடுத்துவிட்டு, உங்களோடு பேசியதில் மகிழ்ச்சியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி எழுந்தார். ஆனாலும் உட்கார்ந்தார் அல்லவா, அதை நான் மதிக்கிறேன். கருணாநிதி நிருபர்களைச் சளைக்காமல் சந்தித்தவர். ஆனால் கேள்வியையும் தானே எழுதி, பதிலையும் தானே எழுதி அறிக்கையாக விடுகிற வழக்கமும் அவருக்கு இருந்தது. அது வேறு ரகம்.

எதிர்க்கட்சிகளும் ஒன்றும் குறைச்சல் இல்லை. 2019 தேர்தலில் தோற்றதும் காங்கிரஸ் தன் செய்தித் தொடர்பாளர்களை ஒரு மாதம் டிவி பக்கமே போக வேண்டாம் என்றது. 2023 செப்டம்பரில் இந்தியா கூட்டணி 14 நெறியாளர்களின் பெயரைப் பட்டியல் போட்டு, அவர்கள் நிகழ்ச்சிக்கு ஆள் அனுப்பமாட்டோம் என்று அறிவித்தது. அந்தப் பதினான்கு பேரில் சிலர் மீது எனக்கும் மரியாதை கிடையாது. அப்புறம் என்ன ஆகும்? காலி நாற்காலியில் ‘ஆதரவாளர்’ என்ற பட்டையோடு யாரையாவது உட்கார வைப்பார்கள். அவர் சொல்வதற்குக் கட்சி பொறுப்பேற்காது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து அவருக்காக ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்வீர்கள்.

ஆகவே நெறியாளர் யாருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார் என்று எண்ணுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். உங்கள் கட்சி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். நம் தலைவர், கேள்விகளை முன்கூட்டியே வாங்கிப் பார்க்காமல், பிடிக்காத நிருபரையும் உள்ளே விட்டு, கடைசியாக எப்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்தார் என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.