ஓமெப்ரசோல் 10 நாள் போட்டும் நெஞ்செரிச்சல் அடங்கவில்லை, இரண்டாகப் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: டாக்டர் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் 20 மில்லிகிராம் 4 வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார், ராத்திரி சாப்பிட்டு முடித்துப் போடுகிறீர்கள், 10 நாளாகியும் எரிச்சல் அடங்கவில்லை, இரண்டாகப் போடலாமா?

நீங்களாகக் கூட்ட வேண்டாம். முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். நான் டாக்டர் இல்லை, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் அம்மாவின் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைந்தவன், அவ்வளவுதான்.

அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் முன் வெறும் வயிற்றில் ஒரு குவளை கோப்பி, காலைச் சாப்பாடு பசியாற பத்து மணி ஆகும். தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. 'கேஸ்ட்ரிக்' என்று இந்த மாத்திரையைக் கொடுத்தபோது, மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டார். மூன்று மாதம் ஒரு மாற்றமும் இல்லை. பார்மசிஸ்ட் ஒருவர்தான் "அம்மா, எப்ப போடுறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாருமே கேட்கவில்லை, நானும்தான்.

விஷயம் என்னவென்றால், வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு உள்ளே போகும்போதுதான் வேலையைத் தொடங்கும், இந்த மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் பம்பை மட்டும்தான் பிடித்து அடைக்கும். அதனால் சாப்பாடு வருவதற்கு முன்பே அது ரத்தத்தில் காத்திருக்க வேண்டும். பசியாறுவதற்கு 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்பு, வெறும் தண்ணீரில். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலும் பாதிப் பலன்தான். போட்ட உடனே எரிச்சல் நிற்கும் என்று பார்க்காதீர்கள், முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் பிடிக்கும். கேப்சூலுக்குள் இருக்கும் சின்ன முத்துக்களைக் கடிக்கவோ இடிக்கவோ கூடாது, அமிலம் பட்டால் மருந்து வீணாகிவிடும். ராத்திரியில்தான் எரிச்சல் அதிகம் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், சிலருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போடச் சொல்வார்கள். அதிலும் 'முன்' என்பதுதான் முக்கியம்.

அப்புறம், வேறு என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எங்கள் அம்மா முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாத்திரை வயிற்றைப் புண்ணாக்க, இன்னொன்று அதை ஆற்ற, நல்ல வியாபாரம்! மாமாவுக்கு இதயத்தில் ஸ்டெண்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோகிரல் கொடுத்திருந்தார்கள். ஓமெப்ரசோல் அந்த மருந்தின் பலனைக் குறைக்கும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009லேயே எச்சரித்திருக்கிறது, மாமாவுக்கு இதே வகையைச் சேர்ந்த பேன்டோப்ரசோலாக மாற்றிவிட்டார்கள். தைராய்டு மாத்திரை, இனிப்புநீருக்கு (சர்க்கரை நோய்க்கு) மெட்ஃபார்மின் இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். மெட்ஃபார்மினும் இதுவும் வருஷக்கணக்கில் சேர்ந்தால் வைட்டமின் பி12 குறையலாம்.

4 வாரம் முடிந்ததும் டாக்டரைத் திரும்பப் பாருங்கள், நீங்களாக வாங்கி நீட்டாதீர்கள். அம்மா அப்படித்தான் இரண்டு வருஷம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்த, எரிச்சல் முன்னைவிட மோசமாக வந்தது, "பார்த்தியா, இது இல்லாம என்னால முடியாது" என்றார். அது பழைய நோய் திரும்பியதாக இருக்க வேண்டியதில்லை, நீண்ட நாள் அடக்கி வைத்த அமிலம் திடீரென விட்டதும் சில வாரம் கூடுதலாகச் சுரக்கும். டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைத்து, இடையில் எரிந்தால் சாப்பிட்ட பின் எரிச்சலைத் தணிக்கும் கேவிஸ்கான் மருந்தைக் குடிக்கச் சொன்னார். எல்லாரும் நிறுத்த வேண்டும் என்றும் இல்லை. மாமா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர், வயிற்றைக் காக்க அவருக்கு இந்த வகை மாத்திரை தொடர்ந்து தேவை என்று சொல்லிவிட்டார்கள்.

நேரத்தை மாற்றி ஒழுங்காகப் போட்டும் அடங்காவிட்டால் வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் கிருமிச் சோதனை பற்றிக் கேளுங்கள். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட நம் இந்தியர்களிடம் அந்தக் கிருமி அதிகம். ஊதிப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

விழுங்கும்போது அடைத்தால், மலம் தார் மாதிரி கறுத்தால், ரத்த வாந்தி வந்தால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால் மாத்திரையை நம்பி உட்காராதீர்கள். நெஞ்சு வலியோடு வேர்த்து, கை, தாடை வரை இழுத்தால் அதை கேஸ்ட்ரிக் என்று நினைக்காமல் மலேசியாவின் அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள்.

அம்மா இப்போது மாத்திரை இல்லாமல்தான் இருக்கிறார். கட்டில் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலத்துக்குக் கட்டை வைத்திருக்கிறோம், ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே. அந்த விடியற்காலைக் கோப்பியை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை, ரெண்டு பிஸ்கட்டோடு குடிக்கிறார், அதற்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.