பழைய சட்டையைப் பிரியுங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். எழுத வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் தையல் வேலை பார்த்ததாக நீங்கள் ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். எனக்கும் தையல்காரராக வேண்டும் என்று ஆசை. பயிற்சி வகுப்பில் சேரலாமா, கடையில் உதவியாளாகச் சேரலாமா? மோட்டார் மெஷின் வாங்கிவிடலாமா? இந்த வயதில் கை படியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நேர்த்தையல் ஒழுங்காக விழுகிற பழைய மெஷின் போதும். மேல்நூலும் அடியில் இருக்கிற பாபின் நூலும் துணிக்கு நடுவே கோத்துக்கொள்ளும் தையலுக்கு எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1846இல். இன்றும் சாதாரணத் தையல் மெஷின் அப்படித்தான் தைக்கிறது. மோட்டார் இப்போதைக்கு வேண்டாம். கை நின்ற இடத்தில் மெஷினும் நிற்கப் பழகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

வயதா? கை படியும். கண்ணாடி தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். மார்பளவில் நாலில் ஒரு பங்கு, லூசுக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு என்று கணக்கு சொல்லித் தருவார்கள். கணக்கு எழுதுகிறவர், சீக்கிரம் பிடித்துக்கொள்வீர்கள். ஆனால் உடம்பு கணக்குக்கு அடங்காது. இரண்டு பேருக்கு டேப்பில் மார்பு 38 என்றே வரும். ஒருவருக்குச் சதை முன்னால் இருக்கும், இன்னொருவருக்கு முதுகு வளைந்திருக்கும். ஒரே கட்டிங்கைப் போட்டால் ஒருவருக்கு முன்பக்கம் தூக்கும், மற்றவருக்குப் பின்பக்கம் ஏறும். வருகிறவர் கதவிலிருந்து மேஜைக்கு நடந்து வருவதற்குள் எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிடுகிற கண் கடையில்தான் வரும். அதனால் கடைக்குப் போங்கள்.

போனதும் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். காஜா என்கிற பட்டன் துளை எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்துத் தைக்கிற ஹெம்மிங் என்றுதான் ஆரம்பிக்கும். தைத்ததைப் பிரித்துத் திருத்துகிற ஆல்டர் வேலை வந்தால் விடாதீர்கள். மற்றவர்கள் முகம் சுளிக்கிற வேலை அது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஒருமுறை மாஸ்டர், வேறு யாரோ தைத்த கோட் ஒன்றைக் கொடுத்து அதன் கையைப் பிரிக்கச் சொன்னார். பிரித்த கையை மேஜையில் விரித்து, டேப்பை வளைவோடு ஒட்டி நிறுத்தி அளந்தேன். அது பொருந்த வேண்டிய கைக்குழியைவிட ஒன்றரை இன்ச் கூடுதல். இத்தனை மிச்சத்தை ஒரு சுருக்கம்கூடத் தெரியாமல் எங்கே ஒளித்தான்? தோள் வளைவில் நூல் ஓட்டி, இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அடக்கி, இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் படியவைத்திருந்தான். அந்தத் தையல்காரனை நான் பார்த்ததில்லை. பாடம் மட்டும் கிடைத்தது.

என் லட்சணத்தையும் சொல்கிறேன். துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு பேண்ட்டை இழைக்கு நேராகப் போடாமல் சாய்த்துப் போட்டு வெட்டினேன். தைக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தடவை துவைத்ததும் பக்கத்தையல் முறுக்கிக்கொண்டு முழங்காலுக்கு முன்னால் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் திட்டவில்லை. அதையே போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் பேசாமல் நின்றார். திட்டியிருக்கலாம்!

வருமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் பீஸ் கணக்குதான். அளவெடுக்க, ட்ரையல் பார்க்க, திருத்த ஆகிற நேரத்துக்குத் தனியாக யாரும் காசு வைக்க மாட்டார்கள். ஒரு நாள் குவியும், ஒரு வாரம் காயும். இடுப்பும் கழுத்தும் வலிக்கும். இப்போதைய வேலையை விட்டுவிடாமல், மாலையிலும் விடுமுறை நாளிலும் கடைக்குப் போய் ஒரு வருடம் பாருங்கள்.

அதுவரைக்கும் ஒரு வேலை தருகிறேன். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற, ஆனால் இனிமேல் போடப்போவதில்லை என்கிற சட்டை ஒன்றை எடுங்கள். தையல் தையலாகப் பிரித்து, இஸ்திரி போட்டு, ஒவ்வொரு துண்டையும் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அதே துண்டுகளை அதே சட்டையாகத் திரும்பத் தையுங்கள். காலரை மட்டும் கடைசியில் பிரியுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் கேன்வாஸ் பிய்ந்துகொண்டு வந்தால் பதற வேண்டாம், எனக்கும் முதல் தடவை பிய்ந்துதான் வந்தது.